கை பட்டிருக்கு

மார்ச் 3

அண்ணிக்கு,

இந்த முகவரியை உங்கள் அக்காவிடம் வாங்கினேன். சும்மா கொடுத்துவிடவில்லை. "குடும்பத்தை ரெண்டாக்கிட்டு இப்ப லெட்டர் போடப் போறீங்களாக்கும்" என்று வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். பிறகு ஒரு துணிக்கடைப் பையைக் கிழித்து, நீங்கள் வேலை பார்க்கும் தையல் கடையின் விலாசத்தை அதில் எழுதிக் கொடுத்தார். போனில் பதினோரு முறை கூப்பிட்டேன். எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்ற பயத்தில் சில தடவை நானே வைத்தும் இருக்கிறேன்.

அண்ணன் நன்றாக இருக்கிறார். சனிக்கிழமைதோறும் போய்ப் பார்க்கிறேன். கழுத்துத் துளையை அவரே சுத்தம் செய்துகொள்கிறார். குரல் இனி வராது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். எல்லாம் சிலேட்டில்தான். கோபம் வந்தால் சாக்பீஸ் உடைகிறது.

நான் எழுத வந்தது ஹார்ட் டிஸ்க் பற்றி. தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால் அண்ணன் பதினோரு மாதம் மூச்சு வாங்க வாங்க உட்கார்ந்து, பார்வையில்லாத பிள்ளைகளின் பள்ளிக்காக வாசித்துப் பதிவு செய்த இருநூற்றுப் பன்னிரண்டு பாடங்கள். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது முதல் நாற்பதுதான். மற்றதெல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள். போன அக்டோபரில் பெட்டியைத் திறந்தால் பாடத்துக்குப் பாடம் ஓட்டை. நீங்கள்தான் கெடுத்துவிட்டீர்கள் என்று அண்ணன் எழுதினார், நீங்கள் துணிமணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். உங்களுக்குத் தெரியாததை ஒன்றும் நான் சொல்லவில்லை. எழுதிப் பார்த்தால்தான் எனக்குக் கோவையாக வருகிறது.

அதில் உங்கள் மேல் தவறு இல்லை. அது மெஷின் கோளாறு. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

உங்கள் நாத்தனார்

---

மார்ச் 11

நாத்தனார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் அண்ணன் எடை கூடியிருக்கிறாரா குறைந்திருக்கிறாரா என்று எழுதவில்லை. எழுத வேண்டாம். எனக்குத் தெரிந்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

மெஷின் கோளாறு என்கிறீர்கள். நல்லது. அக்டோபரில் நடந்ததற்கு மார்ச்சில் வந்து சொல்கிறீர்கள். குதிரை ஓடின பிறகு லாயத்தைப் பூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஐந்து மாதம் கழித்துப் பூட்டு வாங்கி வருகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

கோளாறு என்றால் என்ன கோளாறு? ஹார்ட் டிஸ்க் ஃபேக்டரியில் பதினாறு வருஷம் வேலை பார்க்கிறவர் நீங்கள். அந்தப் பெட்டியைக் கொண்டு வந்து கொடுத்ததும் நீங்கள். "இன்னொரு காப்பி எதுக்கு அண்ணி, இது நான் செஞ்ச பெட்டி" என்று சொன்னதும் நீங்கள். எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். போன் செய்யாதீர்கள். போனில் உங்கள் குரல் கேட்டால் வைத்துவிடுவேன். கடிதத்தைப் பாதியில் வைக்க மனசு வராது, அது ஒன்றுதான் உங்களுக்கு இருக்கிற வழி.

இப்படிக்கு

---

மார்ச் 19

அண்ணிக்கு,

எட்டு வருஷத்தில் முதல்முறையாக என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். டிஸ்க்குக்குள்ளே பளபளவென்று ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. அதில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டத் தடங்கள். உங்கள் தலைமுடி ஒன்றின் அகலத்துக்குள் ஆயிரம் தடம் அடங்கும். தட்டு ஒரு நொடிக்கு நூற்றிருபது தடவை சுற்றுகிறது. அதற்கு மேலே ஹெட் என்கிற ஒரு துளி முனை, தட்டைத் தொடாமல், காற்றில் மிதந்தபடியே படிக்கிறது, எழுதுகிறது. அந்த முனையைத் தாங்கிப் பிடித்திருக்கும் மெல்லிய தகட்டை நாங்கள் கை என்போம்.

முனைக்குக் கண் கிடையாது. தான் தடத்தின் நடுவில்தான் இருக்கிறோமா என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்காக ஃபேக்டரியிலேயே தடம் நெடுகிலும் விட்டு விட்டு அடையாளங்கள் எழுதி வைத்துவிடுவோம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கடந்து போகும்போது இரண்டும் சமமாகக் கேட்டால் முனை நடுவில் இருக்கிறது. இடது ஓங்கிக் கேட்டால் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஒரு கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்து, காந்தம் கையை வலப்பக்கம் தள்ளும். கேள், திருத்து, மறுபடி கேள், மறுபடி திருத்து. ஒரு நொடிக்கு முப்பதாயிரம் தடவை. பெட்டி சூடானால் தகடு விரியும், பக்கத்தில் ஏதாவது அதிர்ந்தால் கை ஆடும், எல்லாவற்றையும் ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு சர்வோ என்று பெயர். இதுதான் என் வேலை. "சும்மா நிக்கறதுக்கா இத்தனை பாடு" என்று அண்ணன் ஒரு தடவை கேட்டார். சும்மா ஒரே இடத்தில் நிற்பதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை அண்ணி.

உங்கள் வீட்டுப் பெட்டி அதிர்வில் ஆடியிருக்கிறது. ஆடும்போது எழுதியதால் ஒரு தடத்தில் எழுத வேண்டியது பக்கத்துத் தடத்தின் ஓரத்தில் ஏறிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, பல வாரம். அதுதான் ஓட்டை. அதைத்தான் கோளாறு என்றேன்.

அண்ணன் இரண்டு கிலோ குறைந்திருக்கிறார். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

நாத்தனார்

---

ஏப்ரல் 2

நாத்தனாருக்கு,

இதைச் சொல்லவா இத்தனை பக்கம்? துணியில் சாக்பீஸ் கோடு போட்டு அதன் மேல் தையல் ஓட்டுகிற விஷயம். நான் பதினெட்டு வயதிலிருந்து செய்கிறேன். என்ன, உங்களுடைய கோடு கொஞ்சம் சின்னது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஊசி கோட்டை விட்டு விலகுகிறது என்று தெரிந்தால் நான் முதலில் செய்வது என்ன? மிதியிலிருந்து காலை எடுப்பேன். துணியைத் திருத்தி வைப்பேன், பிறகுதான் மறுபடி மிதிப்பேன். ஒரு நொடிக்கு முப்பதாயிரம் தடவை கேட்கிறது என்கிறீர்கள். அப்படியானால் விலகிவிட்டோம் என்று அதற்குத் தெரியும். தெரிந்தும் ஏன் தைத்தது? உங்கள் பெட்டிக்குக் காலை எடுக்கத் தெரியாதா?

இன்னொன்று. உங்கள் அண்ணன் அன்றைக்கு சிலேட்டில் எழுதியது எனக்கு மனப்பாடம். "கை பட்டிருக்காம். உன் கைதானே?" அந்த "பட்டிருக்காம்" யார் சொன்னது? டாக்டரா சொன்னார்?

இப்படிக்கு

---

ஏப்ரல் 9

அண்ணிக்கு,

நீங்கள் தையல்காரர் என்பதை மறந்துவிட்டு எழுதிவிட்டேன். இல்லை, பொய். மறக்கவில்லை. நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நினைத்தேன்.

அதற்குக் காலை எடுக்கத் தெரியும். தடத்தின் அகலத்தில் நூற்றுக்கு இத்தனை பங்கு விலகினால் எழுதுவதை நிறுத்திவிடு, ஒரு சுற்று பொறுத்திருந்து மறுபடி முயற்சி செய் என்று ஒரு எண் கொடுத்திருப்போம். அந்த எண் பன்னிரண்டாக இருந்தது. புது மாடலை அதிர்வுச் சோதனைக்கு வைத்தபோது, ஆட்டத்தில் அது நிறுத்தி நிறுத்தி எழுதியது. மெதுவாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையை இன்னும் உறுதியாக நிற்கச் செய்ய எனக்கு இரண்டு மாதம் வேண்டும். கொடுத்தது ஒரு வாரம். "கொஞ்சம் தளர்த்திப் பாரேன்" என்றார் மேலாளர். பன்னிரண்டை எடுத்துவிட்டுப் பதினெட்டு என்று அடித்தேன். சோதனையில் தேறிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். மேலாளர் மேல் பழியைப் போட மாட்டேன். அடித்த விரல் என்னுடையது.

அந்த மாடலின் முதல் பெட்டிகளில் ஒன்றைத்தான் பெருமையாக உங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அக்டோபரில் அண்ணன் அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். ஃபேக்டரியில் வைத்து இரண்டு நாள் பார்த்தேன். நடந்ததையெல்லாம் பெட்டி தனக்குள்ளே குறித்து வைத்துக்கொள்ளும். பதினான்கில் எழுதியிருக்கிறது, பதினாறில் எழுதியிருக்கிறது, பதினேழில் எழுதியிருக்கிறது. பழைய எண் இருந்திருந்தால் ஒன்றைக்கூட எழுதியிருக்காது. மூன்றாம் நாள் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். சிலேட்டில் "என்ன ஆச்சு?" என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் சொன்னேன்: "கை பட்டிருக்கு அண்ணா."

எங்கள் இடத்தில் அது பொய் இல்லை. டிஸ்க்கின் கை பக்கத்துத் தடத்தில் பட்டுவிட்டது. தினமும் அப்படித்தான் பேசுகிறோம். அந்த வார்த்தை அண்ணன் காதில் எப்படி விழும் என்பது வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துதான் பொறுக்கி எடுத்தேன். யார் கை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சிலேட்டைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். கதவைச் சாத்தியதும் தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. 

நாலு நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாத்தனார்

---

மே 14

உன் கடிதத்தை இரண்டு தடவை கிழிக்கப் போனேன். மூன்றாவது தடவை நிஜமாகவே கிழித்தேன். பிறகு நாலு துண்டையும் ஒட்டிப் படித்தேன். இந்தக் கடிதத்தில் "நீங்கள்" கிடையாது. கோபம் வந்தால் எனக்கு மரியாதை போய்விடுகிறது.

நாத்தனார் என்றால் முள் என்பார்கள். உனக்கு உன் அண்ணன் வைத்த பெயரே குண்டூசி. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தப் பெட்டி அவர் மேசையில் இல்லை. ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, மருந்து பாட்டில்களையும் பஞ்சையும் டியூபையும் வைக்க இடமில்லாமல், அதைத் தூக்கி என் தையல் மெஷின் மேசையின் ஓரத்தில் வைத்தேன். அவரைப் பார்த்துக்கொள்ள என் மெஷினை அவர் அறைக்கே கொண்டு வந்து இரண்டு மேசையும் ஒட்டிப் போட்டிருந்தேன், ஒயர் எட்டியது, பாட்டில்களுக்குப் பின்னால் பெட்டி அவர் கண்ணில் படவில்லை. அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடங்களில் இருமலை வெட்டி வெட்டிச் சேமிப்பார். நான் பக்கத்திலேயே பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருப்பேன். கடகடவென்று மேசை ஆடும். பெட்டியும் ஆடும். ஏழு வாரம்.

பெட்டியை யாரும் தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதனால் "உன் கைதானே" என்று எழுதிக் காட்டியதும், "நான் தொடவே இல்லை" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி. அவர் பெட்டியை உன்னிடம் எடுத்து வந்ததற்கு முந்தின நாள்தான் அதைப் பழைய இடத்தில் வைத்திருந்தேன். அவர் மேசையிலேயே கிடந்த பெட்டியின் ஒயரை எடுத்து, அதில் சுற்றியிருந்த சீருடை நீல நூலைப் பிரித்து என் கையில் வைத்தார்.  அதற்கு மேல் அந்த வீட்டில் எப்படி நிற்பது?

இந்தக் கடையில் நான் என்ன வேலை செய்கிறேன் தெரியுமா? காஜா எடுக்கிறேன், பட்டன் வைக்கிறேன், கையால் மடித்துத் தைக்கிறேன். எட்டு மெஷின் இருக்கிறது. ஒன்றிலும் உட்காரவில்லை. மிதியில் காலை வைத்தால் அவர் குரலை மிதிக்கிற மாதிரி இருக்கிறது. ஏழு மாதமாக என் கால்தான் அதை அழித்தது என்று நினைத்துக்கொண்டு ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறேன். நீ பதினெட்டு, பன்னிரண்டு என்று எழுதுகிறாய்.

என் கால் ஆட்டியது. உன் எண் அனுமதித்தது. அதுவரைக்கும் சரி, ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் நீ ஒரு வார்த்தையைப் பொறுக்கி எடுத்தாயே, அதற்கு என்ன பழமொழி இருக்கிறது, நீயே சொல்.

என்னிடம் சொல்லி உன் பாரத்தை இறக்கிக்கொள்ளாதே. நான் சுமைதாங்கிக் கல் இல்லை. சொல்ல வேண்டிய ஆளிடம் சொல். அப்புறம், அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு மட்டுமா வந்தது? இந்த நேரத்தில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் "நான் தொடவே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ. அவர்களுக்கு எந்த விலாசத்துக்கு எழுதுவாய்?

---

ஜூன் 1

அண்ணிக்கு,

"நீ" என்று எழுதியதற்கு நன்றி. கோபத்தில் வந்த "நீ"யாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் கடைசி வரியைப் படித்த மறுநாள் மேலாளர் அறைக்குப் போனேன். என் பெயர், தேதி, எண் மாறிய காரணம், உங்கள் வீட்டுப் பெட்டியின் குறிப்பு, எல்லாவற்றையும் எழுதி மேசையில் வைத்தேன். "வாயை மூடிட்டு இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார். திட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். எண் மறுபடி பன்னிரண்டாகிவிட்டது. வெளியே போன பெட்டிகளுக்குத் திருத்தமும், வாங்கியவர்களுக்கு அறிவிப்பும் போகிறது. என்னை சர்வோவிலிருந்து எடுத்துவிட்டு, அட்டைப் பெட்டியில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போட்டிருக்கிறார்கள். கோணலாக ஒட்டினால் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல அனுபவம் என்று நினைத்திருப்பார்கள்.

இன்னொரு விஷயம். பக்கத்துத் தடம் ஏறியது ஒரு ஓரத்தில்தான். மறு ஓரம் பல இடங்களில் அழியாமல் கிடக்கிறது. முனையை நடுவில் நிறுத்தினால் இரண்டும் கலந்து இரைச்சலாக வருகிறது. அழியாத ஓரத்தின் பக்கமாகக் கொஞ்சம் விலக்கி நிறுத்தினால் படிக்கிறது. எட்டு பங்கு, பத்து பங்கு, சில இடத்தில் பதினொன்று. பதினாறு வருஷமாக நடுவில் நிறுத்தப் பாடுபட்டவள், இப்போது மதிய இடைவேளையில் பழைய சோதனை அறையில் உட்கார்ந்து, வேண்டுமென்றே விலக்கி விலக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறேன். எண்பது பாடம் முழுசாக வந்துவிட்டது. சரியாக வந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டர் கூட்டிப் பார்த்துச் சொல்லிவிடும். நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. அந்தக் குரலைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. போன சனிக்கிழமை சொல்லத்தான் போனேன். அன்றைக்குப் பார்த்து அவருக்குச் சளி. அதற்கு முந்தின சனிக்கிழமை அவர் சந்தோஷமாக இருந்தார், கெடுக்க மனம் வரவில்லை. நீங்கள் இல்லாத வீட்டில் அவருக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. எனக்கும் அவரை விட்டால் யாரும் இல்லை. சொல்லிவிட்டால் ஒருவருக்கு ஒருவர் இல்லாமல் போய்விடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

நாத்தனார்

---

ஜூன் 7

சளி, சந்தோஷம். அடுத்த சனிக்கிழமை என்ன, மழையா?

நான் இல்லாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. அதை ஒரு தடவை கூட்டிப் பார். உன் கம்ப்யூட்டர் வேண்டாம், விரலே போதும்.

---

ஜூன் 23

அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன்.

மீட்ட பாடங்களைப் புதுப் பெட்டியில் போட்டு எடுத்துப் போனேன். நூற்று அறுபத்து மூன்று வந்திருக்கிறது. நாற்பத்தொன்பது போனது போனதுதான், இதில் சில பள்ளியிடம் இருக்கலாம். முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கொடுப்பதாகத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். போனதும் பெட்டியை நீட்டிவிட்டேன். கையில் பொருளோடு போனால் வாங்கிக் கட்டிக்கொள்வது குறையும் என்று ஒரு அற்ப புத்தி.

ஒரு பாடத்தைப் போட்டுவிட்டு நான் அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். அவர் அழுதால் சத்தம் கழுத்திலிருந்து காற்றாக வருகிறது, உங்களுக்குத் தெரியும். என் தலையில் கை வைத்தார். சிலேட்டில் "யாரோ கெடுத்ததை என் தங்கச்சி மீட்டா" என்று எழுதினார்.

அண்ணி, அந்த "யாரோ"வைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. வாயால் சொல்ல வரவில்லை. சிலேட்டை வாங்கி, அவர் எழுதியதற்குக் கீழே எழுதினேன். "அந்தக் கை என் கை." பிறகு எண்ணைப் பற்றி எழுதினேன். இடம் போதவில்லை, துடைத்துத் துடைத்து மூன்று சிலேட்டு எழுதினேன். அன்றைக்கு வாசலில் சொன்ன வார்த்தையைப் பற்றிக் கடைசியாக எழுதினேன்.

அவர் அதைப் படித்தார். சட்டை நுனியால் துடைத்தார். "அவளுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"எப்ப சொன்ன?"

"ஏப்ரல்ல."

"எனக்கு?" என்று எழுதினார். அந்த ஒரு வார்த்தைதான். 

எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார். மூலையில் இருந்த குடையை எடுத்து என் கையில் கொடுத்தார். மழை இல்லை. என் குடையும் இல்லை, அவருடையது. அவசரத்தில் கவனிக்கவில்லை போலும். போ என்று எழுதக்கூடப் பிடிக்காமல் கையில் கிடைத்ததைக் கொடுத்து அனுப்பிவிட்டார். குடையோடு, நல்ல வெயிலில், பஸ் நிறுத்தம் வரை அழுதுகொண்டே நடந்தேன். எதிரே வந்த ஒரு அம்மா வானத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கேட்க எழுதவில்லை. நீங்கள் தொட்டதால் அது கெடவில்லை என்று இப்போது அவருக்குத் தெரியும். மெஷினில் உட்காருங்கள் அண்ணி. பன்னிரண்டு இருந்திருந்தால் நீங்கள் எவ்வளவு மிதித்திருந்தாலும் அது காலை எடுத்திருக்கும்.

போன சனிக்கிழமை நான் போகவில்லை.

நாத்தனார்

---

ஜூலை 20

குண்டூசிக்கு,

இந்தக் கடிதத்தை எந்த மேசையில் வைத்து எழுதுகிறேன் தெரியுமா? வீட்டில், என் தையல் மேசையில். மருந்து பாட்டிலெல்லாம் இப்போது என் மேசைக்கு வந்துவிட்டது, பெட்டி அவர் மேசையில். என் மேசை ஆடினால் இனி மருந்துதான் ஆடும்.

உன் அண்ணன் இம்மாதம் நாலாம் தேதி கடைக்கு வந்தார். சிலேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். மாஸ்டர் "வாங்க சார், சட்டையா பேன்ட்டா" என்று கேட்டிருக்கிறார். இவர் பேச முடியாமல் கையை விரித்திருக்கிறார். கையை விரித்ததும் மாஸ்டர் அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் காஜாவிலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது, டேப்பை மார்பில் சுற்றிக்கொண்டு, இருபது வருஷம் பழகிய வாடிக்கையாளர் மாதிரி நின்றுகொண்டிருக்கிறார். சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

சிலேட்டை நீட்டினார். "கேட்காம எழுதிட்டேன்" என்று இருந்தது. அத்தனை தூரம் பஸ்ஸில் வந்ததில் பாதி அழிந்து போயிருந்தது. மறுபடி எழுதச் சொன்னேன். எழுதினார். இன்னொரு தடவை எழுதச் சொன்னேன். அதையும் எழுதினார்.

பெட்டியை நகர்த்தியதை நானே சொன்னேன். "தெரியும். தொட்டதுக்குக் கோபமில்ல. தொடலைன்னு சொன்னதுக்குத்தான்" என்று எழுதினார். "நீங்க கேட்ட விதத்துல எவளும் ஆமான்னு சொல்ல மாட்டா" என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். எட்டு மாதத்தை நாங்கள் இப்படிச் சுருக்கமாகத்தான் முடித்தோம். மிச்சம் இருக்கிறது, தினம் கொஞ்சம் சண்டை போட்டுக்கொள்கிறோம். அவர் எழுதி முடிப்பதற்குள் நான் நாலு பேசிவிடுவதால் ஜெயிப்பது நான்தான். அதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

மெஷினில் உட்கார்ந்தேன். முதல் தையல் கோணலாகப் போயிற்று. காலை எடுத்துவிட்டேன். பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன்.

உன்னைப் பற்றி அவரிடம் கேட்டேன். "நம்பரை விட்டுடலாம். அந்த வார்த்தையை எங்க கொண்டு போய் வைக்கிறது?" என்று எழுதினார்.  நான் உன்னை மன்னித்துவிட்டேனா என்றும் கேட்காதே. ஒரு நாள் மன்னித்த மாதிரி இருக்கிறது, மறுநாள் காஜா ஊசியைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

சாயங்காலம் ஒரு பாடம் என்று இரண்டு பேரும் கேட்கிறோம். நேற்று எண்பத்தெட்டாம் எண் பாடம். ஆறுகளைப் பற்றியது. நீ கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய், கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பாய். அது வெட்டாமல் விட்டுப்போன பாடம். "ஆறு கடலில் சேரும் இடத்தில்" என்று வாசித்துக்கொண்டே வந்தவர் நிறுத்துகிறார். "கொஞ்சம் இருங்க பிள்ளைங்களா, பக்கத்து ரூம்ல மெஷின் ஓடுது, அது நிக்கட்டும்" என்கிறார். என் மெஷின் ஓடுவது கேட்கிறது. பிறகு நிற்கிறது. உடனே வாசல் மணி. "அதானே பார்த்தேன். குண்டூசி வந்துட்டா. இனிமே இன்னைக்குப் பாடம் நடந்த மாதிரிதான்" என்று சிரிக்கிறார். தூரத்தில் நீ ஏதோ சொல்லிச் சிரிக்கிறாய். அதோடு முடிகிறது. அந்த இடத்தை நீ எந்தப் பக்கம் விலகி நின்று மீட்டாயோ தெரியாது, ஒரு எழுத்துகூடக் குறையவில்லை.

அதை அவர் மூன்று தடவை போட்டார். மூன்றாவது தடவை உன் பெயர் வருகிற இடத்தில், கூடவே வாயசைத்தார். சத்தம் வராது என்று அவருக்கும் தெரியும். நான் பார்க்காத மாதிரி நூலைக் கோத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வா. அவர் கூப்பிடவில்லை, நான்தான் கூப்பிடுகிறேன். அவர் சிலேட்டைத் தொடாமலே உட்கார்ந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கட்டும், நீ பாட்டுக்குப் பேசு.

குடையை அவசரத்தில் கவனிக்காமல் கொடுத்துவிட்டார் என்று எழுதியிருந்தாயே. மற்றவர்கள் பொருளில் கை வைக்காத மனிதர், தன் பொருளையும் யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டார். இந்த வீட்டில் எனக்கே அந்தக் குடை கிடைத்ததில்லை. நேற்று மழை பிடித்துக்கொண்டது. கடைக்குப் போக வேண்டும், புதுசு ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்றேன். "வேண்டாம், அது வரும்" என்று எழுதினார்.

கொண்டு வந்து கொடு.

அண்ணி